ஷரீஃபாவின் வலது முழங்கால்

பினாங்கு சூலியா தெருவில் கப்பல்களுக்கு வேண்டிய கயிறு, தார்ப்பாய், அரிக்கேன் விளக்கு எல்லாம் விற்றுக்கொண்டிருந்த கமாலுதீனுக்கு ஒரே மகள் ஷரீஃபா. அவளுக்குப் பதினான்கு வயது நடந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில், அவளுடைய வலது முழங்கால் வம்பு செய்ய ஆரம்பித்தது. வைத்தியம் பார்க்கிறேன் பேர்வழி என்று அந்த வீடு அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கூத்தில் வீட்டிலிருந்த முழங்கால்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் குணமாயின. அவளுடையது மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் அது நடந்தது அடுப்படியில்தான். குழம்புக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தவள் துருவி முடித்து எழுந்திருக்கப் பார்த்தால் கால் நீளவில்லை. மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. வலியில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எழும்பு புள்ள, ஆணத்துக்குப் பால் பிழியணும்" என்றாள் அவளைப் பெற்ற உம்மா. சித்தி ஆயிஷா என்பது அவள் முழுப் பெயர்.

"கால் வரமாட்டேங்குது உம்மா."

"உட்கார்ந்த இடத்துலயே இருந்தா எப்படி வரும்?"

கொஞ்சநேரம் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தபின் உள்ளே எதுவோ 'டொக்' என்று விலகி, கால் தானாக நீண்டது. சித்தி ஆயிஷா அதைச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். ஆனால் அடுத்து மாடிப்படியில் நடுவழியில் மாட்டியது. பிறகு தொழுதுவிட்டு எழும்போது மாட்டியது. சாயங்காலமானால் முட்டி புசுபுசுவென்று வீங்கிக்கொண்டது. அப்போதுதான் சித்தி ஆயிஷாவுக்கே பயம் வந்தது. பயம் வந்தால் அவள் முதலில் செய்வது தடை போடுவதுதான்.

"இந்தக் காலோட உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக ஏலாது. சரியாச்சுன்னா பார்க்கலாம்."

ஷரீஃபாவுக்கு இடி விழுந்தாற்போல் ஆகிவிட்டது. பெரிய மனுஷியானதிலிருந்து அவளுக்கு உலகம் என்பது கடைக்கு மேலே இருந்த மாடியும், மாடி ஜன்னலின் பலகை இடுக்கில் தெரிந்த தெருவும்தான். வருஷத்தில் ஒரே ஒரு நாள் அதற்கு விதிவிலக்கு. சஃபர் மாதத்துக் கடைசிப் புதன்கிழமை, மண்டி சஃபார் என்கிற கடல் குளியல் நாள். அன்றைக்குப் பினாங்கே திரண்டு தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போகும். தெருப் பெண்கள் ஒரு லாரியைப் பிடித்து, சோற்றுப் பானையும் பாயும் பிள்ளைகளுமாக ஏறிக்கொள்வார்கள். கட்டின துணியோடு கடலில் இறங்குவார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை, ஊரே தண்ணீருக்குள் நிற்கும்போது யார் யாரைச் சொல்வது? போன வருஷம் ஷரீஃபா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவள் சாப்பாட்டுக்குக்கூடக் கரையேறவில்லை. சித்தி ஆயிஷா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் வீடு வந்தாள். அந்த ஒரு நாளை வைத்துத்தான் ஷரீஃபா மீதி வருஷத்தை ஓட்டினாள். சஃபர் மாதத்துக்குள் முட்டி சரியாகியே தீரவேண்டும் என்று அவள் தினமும் துஆ கேட்கத் தொடங்கினாள்.

விஷயம் வாப்பாவின் காதுக்குப் போயிற்று. கமாலுதீன் கொடுமைக்காரர் அல்ல. மகள் தும்மினால் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவருகிறவர். ஆனால் வயதுக்கு வந்த பெண்ணை ஓர் அந்நிய ஆண் முன்னால் உட்காரவைத்து முழங்காலைக் காட்டுவது என்பது அவர் கற்பனைக்கே எட்டாத காரியம். இரண்டாவது, விஷயம் வெளியே கசிந்தால் கமாலுதீன் மகளுக்குக் கால் ஊனம் என்று தெருமுனை போய்ச் சேருவதற்குள் கதை கட்டிவிடுவார்கள். அப்புறம் எவன் மாப்பிள்ளை வருவான்? வைத்தியமும் பார்க்கவேண்டும், பெண்ணையும் காட்டக்கூடாது. ஒரு நாள் பூராவும் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தார். வழி அவருடைய தொழிலிலிருந்தே கிடைத்துவிட்டது.

"கப்பலுக்குக் கயிறு வேணும்னா கப்பலையா கடைக்குத் தூக்கிட்டு வர்றான்?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியைக் கேட்டார். "ஒரு முழம் மாதிரி கொண்டாறான். அதைப் பார்த்தே நான் கப்பலுக்குண்டான கயிறு பூராவும் கொடுக்கலையா? அந்த மாதிரிதான். வைத்தியர்கிட்ட மாதிரி முட்டி காட்டினாப் போதும்."

"மாதிரி முட்டிக்கு எங்கே போறது?" என்றாள் சித்தி ஆயிஷா.

கமாலுதீன் கைலியை விலக்கித் தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

மறுநாள் ஒரு யூனானி ஹகீமிடம் போனார். போய்வந்த கதையை நடு வீட்டில் உட்கார்ந்து நடித்தே காட்டினார். ஷரீஃபா கதவுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்று கேட்டாள். ஹகீம் எங்கே நோவு என்று கேட்டாராம். இவர் இங்கே என்று தன் முட்டியைக் காட்டினாராம். ஹகீம் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாராம். இவர் போட்ட சத்தத்தில் வாசலில் காத்திருந்த நோயாளி ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டாராம்.

"மனுஷன் அவுலியாதான்! நான் வாயே திறக்கல. அவரே சொல்றார், பல வருஷமா சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்த சீக்கு இது. வாயு இறங்கியிருக்கு. பளு தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது, சுருட்டை அடியோட விடணும்னு சொல்லிட்டார்."

"ஷரீஃபா எப்போ சுருட்டுக் குடிச்சா?" என்று சித்தி ஆயிஷா கேட்டாள்.

"குடிக்கலைன்னா நல்லதுதானே? பாதி வைத்தியம் இப்பவே முடிஞ்சுபோச்சு."

கதவுக்குப் பின்னால் நின்ற ஷரீஃபாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "வாப்பா, அது உங்க முட்டி. என்னோடதுக்கு அவ்வளவு வயசு ஆகலையே" என்றாள்.

"சீக்குக்கு வயசு ஏதும்மா?" என்றார் அவர் மிகுந்த பாசத்தோடு.

ஹகீம் கொடுத்தனுப்பிய எண்ணெய் செத்த எலி நாற்றம் நாறியது. பெண்ணின் தோலை அது பொசுக்கிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கமாலுதீன் ராத்திரிதோறும் முதலில் தன் முட்டியில் நன்றாகத் தேய்த்து, விடியும் வரை பார்த்துவிட்டுத்தான் பாட்டிலை மகளுக்கு அனுப்பினார். பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் ஷரீஃபாவுக்குக் கிடைத்தது. சுருட்டையும் விட்டார், மகளுக்காக. இரண்டு வாரத்தில் கமாலுதீன் வாலிபனைப்போல் மாடிப்படியில் தாவித் தாவி ஏறினார். ஹகீமின் புகழைத் தெருவெல்லாம் பாடினார். ஷரீஃபா அதே படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கினாள்.

இந்த நேரத்தில் சித்தி ஆயிஷாவின் தம்பி நாகூர் மீரான் வந்து சேர்ந்தான். வெல்ட் கீ துறைமுகத்தில் தொங்கான் படகுகளிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்குப் பார்க்கிற கிராணி வேலை அவனுக்கு. ஒல்லி உடம்பு. எந்த விஷயத்திலும் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு மட்டும் பருமனாக இருந்தது.

"மச்சான், நீங்க மாதிரி எடுத்ததே தப்பு லா" என்றான். "உங்க முட்டி பழைய சரக்கு. பதினாலு வயசுப் புள்ளைக்கு இளசா, சதை இல்லாத முட்டியாக் காட்டணும். என்னோடதைப் பாருங்க."

கமாலுதீன் மச்சினனின் முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரக்கு அவருக்குப் பிடித்திருந்தது. "கொஞ்சம் மயிர்தான் அதிகமா இருக்கு" என்றார்.

இந்தத் தடவை எலும்பு முறிவுக்குப் பேர்போன ஒரு சீன வைத்தியரை, சின்சேயை, வீட்டுக்கே வரவழைத்தார்கள். தூரத்திலிருந்து மாதிரி காட்டினதுதான் போன தடவை பிசகு என்பது மீரானின் முடிவு. ஆகவே நடுக்கூடத்தில் ஒரு திரை கட்டினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் மீரான் காலை நீட்டி உட்கார்ந்தான். அந்தப் பக்கம் ஷரீஃபா. சின்சே மீரானின் முட்டியில் எந்த இடத்தை அழுத்துகிறாரோ, அதைத் திரை ஓரமாக எட்டிப் பார்த்து, சித்தி ஆயிஷா ஷரீஃபாவின் முட்டியில் அதே இடத்தை அழுத்துவாள். வலித்தால் ஷரீஃபா சொல்வாள். சித்தி ஆயிஷா மலாயில் வெளியே கத்துவாள். ஏற்பாடு கமாலுதீனுடையது. கப்பலில் மாலுமிகள் இப்படித்தான் ஒருவருக்கொருவர் சேதி கடத்துகிறார்கள் என்றார்.

சின்சே நிதானமான மனிதர். மீரானின் முட்டியின் பக்கவாட்டில் விரலை வைத்து, "சினி சாக்கிட்?" என்று கேட்டார், இங்கே வலிக்கிறதா என்று.

மீரானுக்குக் கூச்சம் அதிகம். அவன் ஹிஹிஹி என்று நெளிந்து சிரித்தான். அதே நேரம் திரைக்குப் பின்னாலிருந்து, "சாக்கிட்! சாக்கிட்!" என்று ஒரு பெண் குரல் அலறியது.

சின்சே கையை எடுத்துவிட்டார். பினாங்கில் அவர் பார்க்காத கால் இல்லை. இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் அலறுகிற காலை இப்போதுதான் பார்க்கிறார். மறுபடி அழுத்தினார். மறுபடி சிரிப்பு, மறுபடி அலறல். திரையை விலக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். கமாலுதீன் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மா, இப்போ நீங்க அழுத்துறது இடது முட்டி" என்றாள் ஷரீஃபா உள்ளே.

"சும்மா இரு புள்ள. எனக்கு எட்டுறது இதுதான்."

பிறகு சின்சே திரையை மறந்துவிட்டு, தன் கையில் இருந்த முட்டியை மட்டும் கவனமாகச் சோதித்தார். இந்தக் கால் வெகுகாலத்துக்கு முன் உயரத்திலிருந்து மரத்தின்மேல் விழுந்திருக்கிறது, சரியாக ஆறவில்லை என்றார். மீரானின் சிரிப்பு நின்றுவிட்டது. கலியாணத்துக்கு முன்னால் ஒருநாள் பலகையிலிருந்து வழுக்கித் தொங்கானுக்குள் விழுந்ததை அவன் யாரிடமும் சொன்னதே இல்லை. கமாலுதீன் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, எப்படிக் கண்டுபிடிச்சார்!" என்றார், கண்டுபிடித்தது யாருடைய நோயை என்பதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல்.

கறுப்பாக ஒரு பச்சிலைச் சாந்தை மீரானின் முட்டியில் அப்பி, துணி சுற்றி, நடமாடக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சின்சே போனார். கட்டுப் போட்ட காலோடு மீரான் துறைமுகத்துக்கு எப்படிப் போவான்? அக்கா வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டான். அவனுக்கு ஆட்டுக்கால் சூப் வைத்தார்கள். சூப்பை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை ஷரீஃபாவுக்கு. நொண்டிக்கொண்டு, படியில் பாதியில் கால் மாட்டி, சூப்பைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் அங்கேயே நிற்பாள்.

"ஷரீஃபா, சூப்பு ஆறிடும் லா!" என்று மேலேயிருந்து நோயாளி குரல் கொடுப்பான்.

யாராவது பெண்கள் வந்து ஷரீஃபாவுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், "இப்போ தேவலை, மீரான் கட்டு இல்லாமலேயே நடக்கிறான்" என்று சித்தி ஆயிஷா பதில் சொன்னாள். ஷரீஃபாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ராத்திரியில் போர்வைக்குள் முட்டியைத் தடவிக்கொண்டு, இது நிஜமாகவே தன் கால்தானா என்றுகூட யோசித்தாள். சஃபர் மாதம் பிறந்துவிட்டது.

பினாங்கு ரோட்டில் நவமணி என்ற யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் எலும்பைப் படம் பிடிக்கிற இயந்திரம் ஒன்றைப் புதிதாக வரவழைத்திருந்தார். தோலும் சதையும் தெரியாது, வெறும் எலும்பு மட்டும் தெரியும் என்று கேள்விப்பட்டதும் கமாலுதீனுக்கு நப்பாசை பிறந்தது. பள்ளிவாசல் லெப்பை அலாவுதீனைப் பிடித்து, "எலும்பைப் படம் எடுக்கிறது மார்க்கத்துல கூடுமா?" என்று கேட்டார்.

லெப்பை தாடியைத் தடவினார். "எலும்புக்கு முகம் இல்ல. குத்தமில்ல" என்றார்.

ஆனால் படம் எடுக்கும்போது காலைப் பிடித்துச் சரியாக வைப்பது டாக்டரும் அவருடைய ஆளும்தான் என்று தெரிந்ததும் பழைய சிக்கல் வந்துவிட்டது. மறுபடி மாதிரிதான். இந்தத் தடவை கமாலுதீன் ஏமாறத் தயாராக இல்லை. அதே வயது, அதே உயரம், அதே பருமன். தினமும் காலையில் பின்வாசலுக்குப் பால் கொண்டுவரும் வள்ளியம்மாவின் மகள் புஷ்பவள்ளியை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பால் பாத்திரத்தோடு தெருவெல்லாம் ஓடுகிற பெண். ரிக்‌ஷாவில் கூட்டிப்போகிறேன் என்றதும், எதற்கு என்று வள்ளியம்மா கேட்பதற்கு முன்னாலேயே புஷ்பவள்ளி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நெற்றிப் பொட்டைத் துடைத்து, ஷரீஃபாவின் முக்காடு ஒன்றைப் போர்த்திக் கூட்டிப்போனார்கள். டாக்டர் பெயர் கேட்டார். கமாலுதீன் ஒரு வினாடி தயங்கினார். பொய் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் சீக்கு ஷரீஃபாவுடையது, அப்போது பெயரும் அவளுடையதாகத்தானே இருக்கவேண்டும்? "ஷரீஃபா" என்றார் தெளிவாக. முட்டி மாட்டிக்கொள்கிறது என்று கூட்டிவந்த பெண் மேசைமேல் ஒரே தாவில் ஏறி உட்கார்ந்ததை டாக்டர் நவமணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

படம் ஆயத்தமானதும் டாக்டரே வீட்டுக்கு வந்தார். தன் இயந்திரத்தின் பெருமையை நாலு பேருக்குக் காட்ட ஆசை அவருக்கு. துஆ ஓதுவதற்காக லெப்பையையும் கமாலுதீன் கூப்பிட்டு வைத்திருந்தார். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நான் இந்த ஊருக்கு வந்து பார்த்த முழங்காலுக்குள்ள இது போல வடிவான முழங்கால் இல்லை. ஒரு குறையும் இல்லை. பிள்ளை நடிக்குது, விளங்குதோ? வீட்டு வேலைக்குக் கள்ளம். ரெண்டு ஏச்சு ஏசினால் எல்லாம் சரிவரும்."

கமாலுதீன் முகம் மலர்ந்துபோயிற்று. "அல்ஹம்துலில்லாஹ்! எம் புள்ளைக்கு ஒண்ணுமில்ல!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நிஜமான கண்ணீர். படத்திலிருந்த முட்டி யாருடையது என்பது அவருக்கு அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தது. மீரான் மாடியிலிருந்து ஓடிவந்து படத்தைப் பார்த்து, "குடும்ப ஜாடை தெரியுது லா" என்றான்.

சித்தி ஆயிஷா உள்ளே வந்து மகளின் கன்னத்தைக் கிள்ளினாள். "கள்ளி! எல்லாரையும் பயங்காட்டிட்டியே. சரி போ, ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டார். வர்ற புதன்கிழமை நீயும் லாரியில வா."

கடலுக்குப் போகலாம். இத்தனை மாதம் அழுது கேட்டது கிடைத்தாயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஷரீஃபாவுக்கு அந்தத் தண்ணீரும் அலையும் கண்ணுக்குள் வந்து நின்றன. சந்தோஷத்தில் பாயிலிருந்து வேகமாக எழுந்தாள். பாதி எழும்போதே கால் மாட்டிக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி வளைந்து நின்றாள். கூடத்தில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் நிற்கும்போது இப்படி மாட்டினால்? அப்போதும் நடிக்கிறாள் என்றுதான் கரையிலிருந்து சிரிப்பார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இத்தனை நாளும் வலித்தது அவளுக்கு, பொய்க்காரி பட்டமும் அவளுக்கா?

கட்டில் மேல் கிடந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை இழுத்தாள். உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

கொஞ்சநேரத்தில் கூடத்துத் திரை விலகியது. வெளியே வந்தது ஒரு வெள்ளை விரிப்பு. தலை தெரியவில்லை, முகம் தெரியவில்லை, கை தெரியவில்லை. விரிப்பின் நடுவில் வட்டமாக வெட்டியிருந்த ஓட்டை வழியாக ஒரே ஒரு முழங்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நொண்டி நொண்டி வந்து டாக்டர் முன்னால் இருந்த நாற்காலியில் அது உட்கார்ந்தது.

கமாலுதீன் விரிப்பை மேலிருந்து கீழாக, கயிற்றில் பழுது தேடுகிறவர் போலத் தேடினார். ஆட்சேபிக்க ஓரிடம் கிடைக்கவில்லை. லெப்பையைப் பார்த்தார்.

"இது... கூடுமா?"

"நோயாளியை வைத்தியர் பார்க்கலாம்னு கிதாபுகள்ல எப்பவோ எழுதியிருக்கே. நல்ல விரிப்பை வெட்டியிருக்கவே வேணாம்" என்றார் லெப்பை.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க எலும்பைப் படம் எடுக்கலாமான்னுதானே கேட்டீங்க?"

டாக்டர் நவமணி குனிந்து முழங்காலைப் பார்த்தார். சிரிப்பு மறைந்துவிட்டது. மெதுவாக மடக்கினார், நீட்டினார். உள்ளே டொக் என்றது. ஓர் இடத்தில் விரலை வைத்ததும் தோலுக்கடியில் எதுவோ நழுவி ஓடியது.

"நோகுதோ பிள்ளை?"

"ஆமா" என்றது விரிப்பு.

டாக்டர் நிமிர்ந்தார். "அப்ப நான் படம் எடுத்தது யாருடைய கால்?"

பின்கட்டில் பால் அளந்துகொண்டிருந்த புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். "என்னோடதுங்க டாக்டர். ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னீங்களாமே."

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு முழுச் சுற்று எல்லாரையும் ஏசினார். ஏசும்போதே ஹகீம் கதையும் சின்சே கதையும் வெளியே வந்தன. திரை கட்டிய கதை வந்தபோது அவரால் தாங்க முடியவில்லை. படத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைசியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வளர்கிற வயதில் சிலருக்கு மூட்டுக்குள் எலும்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிடும். அது உள்ளே திரிந்துகொண்டே இருக்கும். கதவிடுக்கில் கல் விழுந்தால் கதவு எப்படி நிற்குமோ அப்படித்தான் கால் நிற்கிறது. எண்ணெயும் வேண்டாம், சூப்பும் வேண்டாம். அறுத்து எடுத்தால் பிள்ளை நன்றாக நடக்கும். தள்ளிப்போட்டால் மூட்டுத் தேய்ந்து ஆயுசுக்கும் நொண்டி. ஆஸ்பத்திரி ஒன்றில் வெள்ளைக்கார லேடி டாக்டர் இருக்கிறார், அவரே செய்வார். புதன்கிழமைதான் அவர் அறுக்கிற நாள். அதற்கடுத்த வாரம் லீவில் சீமைக்குப் போகிறார்.

"வர்ற புதன்கிழமையா?" என்று சித்தி ஆயிஷா மெதுவாகக் கேட்டாள்.

விரிப்புக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. நோய் இன்னது என்று தெரிந்ததில் நிம்மதி ஒரு பக்கம், கடல் போயிற்றே என்ற துக்கம் ஒரு பக்கம். ஷரீஃபா இரண்டுக்கும் சேர்த்து அழுதாள்.

கமாலுதீன் அதுவரை டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் குனிந்தார். ஓட்டை வழியாகத் தெரிந்த முழங்காலைப் பார்த்தார். கன்றிச் சிவந்து, ஒரு பக்கம் வீங்கி, உம்மாவின் நகம் பட்ட பழைய தழும்பெல்லாம் தெரிய இருந்தது அது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை நாளும் இப்படியாம்மா இருந்துச்சு?"

"ஆமா வாப்பா."

"எனக்குத் தெரியாதேம்மா. ஹகீமைப் பார்த்தேன், சின்சேயைப் பார்த்தேன், எல்லாரையும் பார்த்தேன்..." மேற்கொண்டு சொல்ல முடியாமல் அவர் அழுதார்.

புதன்கிழமை காலை லாரி வந்தது. பானை, பாய், பிள்ளைகள், பெண்கள் எல்லாம் ஏறியாயிற்று. ஷரீஃபாவுக்கென்று பிடித்து வைத்திருந்த இடம் காலியாகக் கிடந்தது. முழங்கால் இரவல் கொடுத்த புண்ணியத்துக்கு அந்த இடம் புஷ்பவள்ளிக்குப் போயிற்று. லாரி கிளம்பும்போது அவள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு போனதை ஷரீஃபா ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடி பார்த்தாள். வயிறு எரிந்தது. அவளைத் திட்டவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டரின் அறைக்குள் ஷரீஃபாவும் சித்தி ஆயிஷாவும் போனார்கள். கமாலுதீன் வாசல் திரைக்கு வெளியே நின்றார். மீரானும் வந்திருந்தான், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று. லேடி டாக்டர் உயரமான மனுஷி. கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டிலில் படுத்திருந்த பெண்ணின் முட்டியில் விரலை வைத்து, வெள்ளைக்கார மலாயில் கேட்டார், இங்கேயா வலி என்று.

"அங்கதான், அங்கதான்" என்றாள் சித்தி ஆயிஷா பழக்க தோஷத்தில்.

"கொஞ்சம் மேலே இருக்கும்" என்றது திரைக்கு வெளியேயிருந்து வாப்பாவின் குரல்.

"உள்பக்கமா அழுத்தச் சொல்லுங்க லா" என்றான் மீரான்.

ஷரீஃபா எழுந்து உட்கார்ந்தாள். லேடி டாக்டரின் கையைப் பிடித்து, ஒரு விரற்கடை தள்ளி, தன் முட்டியின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள்.

"இங்கே" என்றாள்.